அரசு மானியக் கடன்: தாராவியில் என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் தாராவியில் பிறந்து வளர்ந்தவன். பூர்வீகம் திருநெல்வேலிப் பக்கம். அப்பா தோல் பை தைத்தவர். நான் ஒரு கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் 90 அடி ரோட்டுப் பக்கம் ஒரு டெய்லர் கடையில் உட்கார்ந்து நம்ம ஆட்களுக்குக் கடன் விண்ணப்பம் நிரப்பிக் கொடுக்கிறேன். யாரிடமும் காசு வாங்குவதில்லை. வருகிறவர்கள் கேட்பது பெரும்பாலும் ஒரே சந்தேகங்கள்தான். அவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை எழுதி, எனக்கு உறுதியாகத் தெரிந்ததைப் பதிலாகத் தந்திருக்கிறேன்.

"கவர்மெண்ட்ல தொழிலுக்குச் சும்மா பணம் தர்றாங்களாமே, உண்மையா?"

சும்மா தருவதில்லை. கிடைப்பது கடன். சில திட்டங்களில் அந்தக் கடனில் ஒரு பகுதியை அரசு ஏற்றுக்கொள்ளும், அதுதான் மானியம். சில திட்டங்களில் வட்டியில் ஒரு பகுதியை மட்டும் ஏற்றுக்கொள்ளும். முத்ரா என்ற சிறுதொழில் கடன் திட்டத்தில் இரண்டும் கிடையாது, ஜாமீன் இல்லாமல் கடன் கிடைக்கும், அவ்வளவுதான். 'மோடி லோன்', 'மானிய லோன்' என்று எல்லாவற்றையும் ஒரே பெயரில் சொல்வதால்தான் இவ்வளவு குழப்பம். பணம் கொடுப்பது வங்கி, திருப்பிக் கட்ட வேண்டியது நீங்கள். இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

"நாம தொழில் பண்ணா கவர்மெண்டுக்கு என்ன லாபம்? எதுக்கு மானியம் தரணும்?"

வேலைக்காக. ஒரு கோலியில், அதாவது சின்ன அறையில், நாலு மெஷின் போட்டால் நாலு பேருக்கு வேலை. பெரிய தொழிற்சாலை வருவதற்குக் காத்திருக்காமல், அந்தந்த வட்டாரத்திலேயே சின்னச் சின்ன தொழிலை வளர்த்து ஆட்களுக்கு வேலை கிடைக்கச் செய்வதுதான் நோக்கம். பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டம், அதாவது பி.எம்.இ.ஜி.பி., 2008-இல் இதற்காகவே வந்தது. அதற்கு முன்பிருந்த இரண்டு திட்டங்களை ஒன்றாக்கித் தொடங்கினார்கள். நடத்துவது காதி கிராமத் தொழில் ஆணையம். அதன் தலைமையகம் நம் மும்பையில்தான், வில்லே பார்லேயில் இருக்கிறது.

அதனால் விண்ணப்பத்தில் 'எத்தனை பேருக்கு வேலை கிடைக்கும்' என்ற கட்டத்தை அலட்சியமாக நிரப்பாதீர்கள். இரண்டு பேர் வேலை செய்யும் இடத்தில் இருபது என்று எழுதினால், பார்க்க வருகிற அதிகாரிக்கு உள்ளே நுழைந்த உடனே தெரிந்துவிடும். பத்துக்குப் பத்து இடத்தில் இருபது பேர் எங்கே உட்காருவார்கள்?

"திட்டம் நிறைய சொல்றாங்க. எனக்கு எதுன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?"

நான் முதலில் கேட்பது, "இப்போ என்ன செய்றீங்க?" என்றுதான். தெருவில் தள்ளுவண்டியோ கூடையோ வைத்து விற்பவர் என்றால் ஸ்வநிதி. கைவேலை செய்பவர் என்றால் விஸ்வகர்மா. தையல்காரர், செருப்புத் தைப்பவர், முடிதிருத்துபவர், சலவைத் தொழிலாளி, தச்சர், குயவர், மாலை கட்டுபவர் எல்லாரும் அதன் 18 தொழில்களில் வருகிறார்கள். மாட்டுங்காவில் பூக்கட்டும் நம் அக்காமாருக்கு இதைச் சொன்னால் முதலில் நம்புவதில்லை. ஏற்கெனவே நடக்கும் கடையையோ பட்டறையையோ பெரிதாக்க வேண்டும் என்றால் முத்ரா. புதிதாகவே தொடங்க வேண்டும் என்றால் பி.எம்.இ.ஜி.பி.

முறுக்கு, அப்பளம், மாவு, ஊறுகாய் என்று தின்பண்டத் தொழில் செய்பவர்களுக்கு மட்டும் தனியாக ஒன்று இருக்கிறது. பி.எம்.எஃப்.எம்.இ. என்று 2020-இல் தொடங்கிய சிறு உணவுத் தொழில் திட்டம் அது. 35 சதவீத மானியம், அதிகபட்சம் 10 லட்சம். ஏற்கெனவே நடக்கும் தொழிலுக்கும் உண்டு என்பதுதான் அதன் சிறப்பு. இதுவும் பி.எம்.இ.ஜி.பி.யும் 2025-26 நிதியாண்டு வரைக்கும் என்று அறிவிக்கப்பட்டவை. அதனால் கையிலிருந்து பணம் போடுவதற்கு முன், திட்டம் நடப்பில் இருக்கிறதா, இந்த வருஷ இலக்கில் இன்னும் இடம் பாக்கி இருக்கிறதா என்று மாவட்டத் தொழில் மையத்தில் நேரில் கேட்டுவிடுங்கள்.

"உத்யம் உத்யம்னு சொல்றீங்களே, அது என்ன?"

உங்கள் தொழில் இருக்கிறது என்று அரசுப் பதிவேட்டில் ஏறுவதுதான் உத்யம். 2020 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கிறது. ஆதாரும் பான் கார்டும் போதும், கட்டணம் ஒரு பைசா கிடையாது. பான் கார்டோ ஜி.எஸ்.டி.யோ இல்லாத மிகச் சின்ன தொழில்களுக்காக 2023-இல் 'உத்யம் அசிஸ்ட்' என்று ஒன்று வந்தது. வங்கி, நுண்கடன் நிறுவனம் மூலமாக அதில் பதியலாம். கூகுளில் தேடினால் முதலில் வருவது பெரும்பாலும் காசு வாங்கும் தனியார் தளங்கள். முகவரி 'gov.in' என்று முடிகிறதா என்று பார்த்துவிட்டு உள்ளே போங்கள்.

இதை ஏன் இவ்வளவு வலியுறுத்துகிறேன் என்றால், தாராவியில் தொழிலுக்குப் பஞ்சமே இல்லை. தோல், ரெடிமேட், பிளாஸ்டிக் ரீசைக்கிளிங், இட்லி, பேக்கரி என்று சந்துக்குச் சந்து ஆள் உழைக்கிறார்கள். ஆனால் முக்கால்வாசித் தொழில் காகிதத்தில் இல்லை. சரக்கு ரொக்கத்துக்குப் போகிறது, கூலி ரொக்கமாகக் கையில் வருகிறது, கணக்கு மனதில் இருக்கிறது. என் அப்பா முப்பது வருஷம் பை தைத்தார். அவர் ஒரு தொழில் செய்தார் என்று காட்ட எங்கள் வீட்டில் ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லை. அப்படிப்பட்ட தொழிலுக்கு எந்தத் திட்டத்திலும் பணம் வராது. உத்யம், குமாஸ்தா, வங்கிக் கணக்கில் வரவு செலவு, இந்த மூன்றையும் கடன் கேட்பதற்கு ஆறு மாதம் முன்பே தொடங்கிவிடுங்கள்.

குமாஸ்தா என்று நாம் சொல்வது கடைகள், நிறுவனங்கள் சட்டப்படி மாநகராட்சியில் செய்யும் பதிவு. 2017 சட்டத்தில் 2025-இல் செய்த திருத்தப்படி இருபது பேருக்குக் குறைவாக வேலை செய்யும் இடத்துக்குப் பதிவுச் சான்றிதழ் தேவையில்லை, ஆன்லைனில் தகவல் கொடுத்தால் போதும். அந்த ரசீதை வங்கிக்குக் காட்டலாம்.

"நான் காலைல தெருத்தெருவா இட்லி விக்கிறேன். கடையும் கிடையாது, லைசென்ஸும் கிடையாது. எனக்கு யாரு தருவா?"

அக்கா, உங்களுக்காகவே உள்ளது ஸ்வநிதி. கொரோனா ஊரடங்கு நேரத்தில், 2020 ஜூன் 1-இல் தொடங்கியது. முதலில் 10,000, பிறகு 20,000, பிறகு 50,000 என்று இருந்ததை 2025 ஆகஸ்டில் மாற்றினார்கள். இப்போது முதல் கடன் 15,000 வரை, அதைக் கட்டி முடித்தால் 25,000 வரை, அதையும் முடித்தால் 50,000. 2030 மார்ச் 31 வரை நீட்டித்திருக்கிறார்கள். ஒழுங்காகக் கட்டினால் கடனுக்கு வருஷத்துக்கு 7 சதவீத வட்டியை அரசு உங்கள் கணக்கில் போடும். இரண்டாம் கடனையும் முடித்தவர்களுக்கு யு.பி.ஐ.யோடு இணைந்த ரூபே கிரெடிட் கார்டும் உண்டு.

லைசென்ஸ் இல்லை என்பதற்காக மலைக்க வேண்டாம். மாநகராட்சிக் கணக்கெடுப்பில் பெயர் இருந்தால் அந்தச் சான்று போதும். இல்லாவிட்டால் மாநகராட்சியிடம் சிபாரிசுக் கடிதம் கேட்டு விண்ணப்பிக்கலாம். நான் நிரப்பிக் கொடுத்த ஒரு அக்கா, பள்ளிக்கூட நோட்டு ஒன்றில் ஒவ்வொரு நாளும் எத்தனை இட்லி போனது, யார் பாக்கி என்று பென்சிலில் எழுதி வைத்திருந்தார். சட்னி பட்டு ஓரமெல்லாம் பழுப்பாகியிருந்தது. சிபாரிசுக் கடிதத்துக்குப் போனபோது அந்த நோட்டையும் வாடிக்கையாளர்கள் ஜி-பேயில் போட்ட பணத்தின் பட்டியலையும் காட்டினார். வேறு எதுவும் கேட்காமல் வேலை முடிந்தது.

"மானியம் 35 பர்சென்ட்னு எல்லாரும் சொல்றாங்க. நீங்க மட்டும் எனக்கு 25ன்னு சொல்றீங்க?"

35 என்பது கிராமத்துக் கணக்கு. பி.எம்.இ.ஜி.பி.யில் இரண்டு விஷயம் பார்ப்பார்கள்: தொழில் நடக்கும் இடம் நகரமா கிராமமா, விண்ணப்பிப்பவர் பொதுப் பிரிவா சிறப்புப் பிரிவா. பொதுப் பிரிவுக்கு நகரத்தில் 15, கிராமத்தில் 25. சிறப்புப் பிரிவுக்கு நகரத்தில் 25, கிராமத்தில் 35. பெண்கள், எஸ்.சி., எஸ்.டி., ஓ.பி.சி., மதச் சிறுபான்மையினர், மாற்றுத்திறனாளிகள், திருநங்கைகள், முன்னாள் ராணுவத்தினர் எல்லாரும் சிறப்புப் பிரிவு. மும்பை மாநகராட்சி எல்லைக்குள் எந்த மூலைக்குப் போனாலும் நகரம்தான்.

ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். ஒரு பெண், தாராவியில் பை தைக்கும் யூனிட், மெஷின், மூலப்பொருள் எல்லாம் சேர்த்து 4 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். அவர் கையிலிருந்து 5 சதவீதம், அதாவது 20,000 போட வேண்டும். மீதி 3,80,000 வங்கி தரும். அரசு மானியம் 4 லட்சத்தில் 25 சதவீதம், அதாவது 1,00,000. கடைசியில் அவர் கட்ட வேண்டிய அசல் 2,80,000. இதே தொழிலை பொதுப் பிரிவு ஆண் ஒருவர் தொடங்கினால் கையிலிருந்து 10 சதவீதம், 40,000. வங்கி தருவது 3,60,000, மானியம் 60,000 மட்டும்.

உற்பத்தித் தொழிலுக்கு 50 லட்சம், சேவைத் தொழிலுக்கு 20 லட்சம் வரை திட்ட மதிப்பு இருக்கலாம். நிலம் வாங்கும் செலவைச் சேர்க்க முடியாது. உற்பத்தியில் 10 லட்சத்துக்கு மேல், சேவையில் 5 லட்சத்துக்கு மேல் போனால் எட்டாம் வகுப்பு தேர்ச்சி வேண்டும். அதற்குக் கீழே என்றால் படிப்பு கேட்க மாட்டார்கள். பீடி, சிகரெட், மது சம்பந்தப்பட்ட தொழிலுக்குக் கிடையாது.

"கடன் வந்துச்சு. மானியம் அக்கவுண்ட்ல வரவே இல்ல. பேங்க்காரன் முழுங்கிட்டானா?"

முழுங்கவில்லை. இந்தச் சந்தேகத்தில் வங்கியில் போய்ச் சண்டை போட்டவர்கள் பலரை எனக்குத் தெரியும். மானியத் தொகை உங்கள் கைக்கு வராது. வங்கி அதை உங்கள் பெயரில் 3 வருஷம் டெபாசிட்டாகப் பூட்டி வைக்கும். அந்த டெபாசிட்டுக்கு வட்டி கிடையாது, அதே அளவு கடனுக்கும் உங்களிடம் வட்டி வாங்க மாட்டார்கள். மேலே சொன்ன கணக்கில் அந்தப் பெண் 2,80,000-க்குத்தான் வட்டி கட்டுவார்.

3 வருஷம் கழித்து அதிகாரிகள் நேரில் வந்து தொழில் நடக்கிறதா என்று பார்த்த பிறகு அந்தப் பணம் கடனில் கழியும். எனவே ஒவ்வொரு வருஷமும் கடன் ஸ்டேட்மெண்ட் வாங்கி, டெபாசிட் இருக்கிறதா, மொத்தத்துக்கும் வட்டி போட்டுவிட்டார்களா என்று பாருங்கள். தவறாகப் போட்டிருந்தால் அப்போதே எழுத்தில் கேளுங்கள். மூன்றாம் வருஷம் போய்க் கேட்டால் மேனேஜர் மாறியிருப்பார்.

"பத்து வருஷமா உழைக்கிறவனுக்கு மானியம் இல்ல, புதுசா வர்றவனுக்கு உண்டா? இது என்ன நியாயம்?"

இந்தக் கேள்வியில் உள்ள கோபம் எனக்கும் உண்டு. பி.எம்.இ.ஜி.பி. புது யூனிட்டுக்கு மட்டும்தான், ஏற்கெனவே வேறு அரசு மானியம் வாங்கியவருக்கும் கிடையாது. புதிதாக எத்தனை வேலை உருவானது என்று கணக்குக் காட்ட வேண்டியிருப்பதால் விதியை அப்படி வைத்திருக்கிறார்கள். தாராவி மாதிரி இடத்தில், நடக்கிற பட்டறைக்கு ஒரு லட்சம் கொடுத்தால் புது பட்டறையைவிட வேகமாக இரண்டு ஆளுக்கு வேலை வரும் என்பது என் எண்ணம். அதற்காகப் பழைய தொழிலைப் புதியது என்று காட்டி விண்ணப்பிக்காதீர்கள். உத்யம் சான்றிதழிலேயே தொழில் தொடங்கிய தேதி இருக்கும், மாட்டிக்கொண்டால் மானியமும் போகும்.

உங்களுக்கு முத்ரா இருக்கிறது. 2015 ஏப்ரல் 8-இல் தொடங்கியது. சிசு என்பது 50,000 வரை, கிஷோர் 5 லட்சம் வரை, தருண் 10 லட்சம் வரை. தருண் கடனை முழுதாகக் கட்டியவர்களுக்கு 20 லட்சம் வரை தருண் பிளஸ். தின்பண்டத் தொழில் என்றால் மேலே சொன்ன உணவுத் திட்டத்தை முதலில் பாருங்கள். முன்பு பி.எம்.இ.ஜி.பி. வாங்கி ஒழுங்காகக் கட்டி முடித்தவர்கள், அதே யூனிட்டைப் பெரிதாக்க இரண்டாம் கடன் கேட்கலாம். உற்பத்திக்கு 1 கோடி வரை, மானியம் 15 சதவீதம்.

"ஜாமீன் போட வீடு இல்ல, நகையும் இல்ல. கோலி வாடகைக்குத்தான் இருக்கேன்."

சின்னத் தொழிலுக்கு 10 லட்சம் வரையிலான (2026 ஏப்ரல் முதல் 20 லட்சம் வரையிலான) கடனுக்கு சொத்து ஜாமீன் கேட்கக் கூடாது என்பது வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி போட்ட உத்தரவு. நீங்கள் கட்டாமல் போனால் வங்கிக்கு ஏற்படும் நஷ்டத்தின் பெரும் பகுதியைத் தாங்க 2000-இல் அரசும் சிட்பி என்ற சிறுதொழில் வளர்ச்சி வங்கியும் சேர்ந்து தொடங்கிய கடன் உத்தரவாத அறக்கட்டளை இருக்கிறது. முத்ரா கடன்களுக்கும் தனியாக உத்தரவாத நிதி உண்டு. 'ஜாமீனுக்கு ஒரு ஆளைக் கூட்டிட்டு வா' என்றோ 'ஒரு எஃப்.டி. போடு' என்றோ சொன்னால், இந்த உத்தரவைச் சொல்லிப் பணிவாகக் கேளுங்கள்.

"பேங்க்ல போய் நின்னா ஏறெடுத்தும் பாக்க மாட்டேங்குறாங்க. என்ன செய்ய?"

ஒரு தடவை நானே ஒரு மதினியோடு ஒரு கிளைக்குப் போயிருந்தேன். மூன்று தடவை அலையவிட்டு, நாலாவது தடவை "தாராவி முகவரிக்கு நாங்க குடுக்கிறதில்ல" என்று வாயால் சொன்னார்கள். நான் பையிலிருந்து ஒரு வெள்ளைத் தாளை எடுத்து, "இதையே எழுதிக் குடுங்க சார்" என்றேன். அந்த அதிகாரி தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு விண்ணப்பத்தை வாங்கி முத்திரை போட்டுக் கொடுத்தார். பதினைந்து நாளில் ஆள் வந்து மெஷினைப் பார்த்துவிட்டுப் போனார். மதினிக்குக் கடன் கிடைத்தது.

சின்னத் தொழில் கடன் விண்ணப்பத்துக்கு ரசீது தருவதும், நிராகரித்தால் காரணத்தை எழுத்தில் தருவதும் வங்கியின் கடமை. விண்ணப்பத்தைச் சும்மா கொடுத்துவிட்டு வராமல் முத்திரை வாங்குங்கள், அல்லது ஆன்லைனில் போட்டு எண்ணை வைத்துக்கொள்ளுங்கள். பதிலே இல்லை என்றால் முதலில் வங்கியிலேயே எழுத்தில் புகார் கொடுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கி ஆம்புட்ஸ்மேனுக்கு (குறைதீர்ப்பாளருக்கு) இலவசமாகப் புகார் செய்யலாம். ஒன்றை மட்டும் புரிந்துகொள்ளுங்கள்: கடன் தருவதா வேண்டாமா என்பது வங்கியின் முடிவு, அதை ஆம்புட்ஸ்மேன் மாற்றமாட்டார். பதில் சொல்லாமல் இழுத்தடித்ததைத்தான் அவர் கேட்பார்.

"சிபில் சரியில்லன்னு சொல்லிட்டாங்க. நான் எங்கேயும் கடன் வாங்கலையே?"

சிபில் என்பது நீங்கள் வாங்கிய கடனை எப்படிக் கட்டினீர்கள் என்ற பதிவு. போனில் தவணையில் வாங்கிய டி.வி., பைக் லோன், ஆப்பில் எடுத்த 3,000 ரூபாய், பெண்கள் குழுவில் எடுத்த நுண்கடன் எல்லாம் கடன்தான். தம்பிக்காகக் கையெழுத்துப் போட்டதும் உங்கள் பெயரில் ஏறும். ஒவ்வொரு கடன் தகவல் நிறுவனமும் வருஷத்துக்கு ஒரு தடவை முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். அதை எடுத்து, யார் பெயரில் எவ்வளவு பாக்கி என்று பார்த்துவிட்டு வாருங்கள். கட்டிய கடன் கட்டாததாகக் காட்டினால் திருத்தலாம்.

"ஒரு ஏஜென்ட் 10 பர்சென்ட் குடுத்தா ரெண்டு வாரத்துல வாங்கித் தர்றேங்கிறார்."

கொடுக்காதீர்கள். எந்தத் திட்டத்திலும் விண்ணப்பத்துக்குக் கட்டணம் இல்லை. அந்த ஏஜென்ட் செய்யப்போவது நான் ஞாயிற்றுக்கிழமை இலவசமாகச் செய்கிற அதே வேலையைத்தான். நேர்மையானவர் என்றால் டைப் செய்ததற்கு 200, 300 கேட்பார், அது நியாயம். கடன் தொகையில் பங்கு கேட்பவர் பெரும்பாலும் மெஷின் கடைக்காரரோடு சேர்ந்து பொய் கொட்டேஷன் போடுபவர். மெஷின் வராது, பணம் பங்கு பிரியும், கடன் மட்டும் உங்கள் தலையில் நிற்கும். கையெழுத்துப் போட்ட வெற்றுச் செக்கையும் ஓ.டி.பி.யையும் யாருக்கும் தராதீர்கள். வங்கி பணத்தை நேராக மெஷின் கடைக்கு அனுப்பும். அதனால் கொட்டேஷனை நீங்களே கடைக்குப் போய், மெஷினைத் தொட்டுப் பார்த்து வாங்கிக்கொள்ளுங்கள்.

"ஊர்ல எடுத்த சாதிச் சர்டிபிகேட் இங்க செல்லுமா?"

நம் ஆட்களை ரொம்ப வருத்துகிற விஷயம் இது. ஒரு மாநிலத்தில் எஸ்.சி. ஆக இருப்பவர் வேறு மாநிலத்துக்குக் குடிபெயர்ந்தால், குடிபெயர்ந்த மாநிலத்தில் அந்தச் சலுகையைக் கோர முடியாது என்று உச்ச நீதிமன்றம் 1990-லும் 1994-லும் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. மகாராஷ்டிரா தன் சொந்தச் சாதிச் சான்றிதழைத் தர வேண்டுமானால், எஸ்.சி.க்கு 1950 ஆகஸ்ட் 10-க்கு முன்பும், ஓ.பி.சி.க்கு 1967 அக்டோபர் 13-க்கு முன்பும் உங்கள் குடும்பம் இங்கே வாழ்ந்ததற்கு ஆதாரம் கேட்கும்.

தாராவித் தமிழர்களில் தாத்தா, பாட்டன் காலத்தில் தோல் ஷாப்பில் வேலைக்கு வந்தவர்கள் நிறைய. ஆதாரம் இருக்கும், எங்கே என்றுதான் தெரியாது. ஒரு பெரியவர் தகரப் பெட்டியின் அடியில் விரித்திருந்த பழைய காகிதத்தை எடுத்துப் பார்த்தபோது, அது அவருடைய அப்பாவின் மாநகராட்சிப் பள்ளி விடுப்புச் சான்றிதழ். மடிப்பு மடிப்பாகக் கிழிந்திருந்தாலும் தேதியும் சாதியும் தெளிவாக இருந்தன. அவர் வீட்டில் மூன்று பேரப் பிள்ளைகளுக்கு அது உதவியது. உங்கள் வீட்டுப் பெட்டியையும் ஒரு தடவை திறந்து பாருங்கள். ஊர்ச் சான்றிதழ் மட்டும்தான் இருக்கிறது என்றால், விண்ணப்பத்துக்கு முன் அலுவலகத்தில் எழுத்தில் கேளுங்கள். பட்ஜெட்டைப் பொதுப் பிரிவுக் கணக்கிலேயே போட்டுவிடுங்கள். பெண் விண்ணப்பதாரர் என்றால் இந்தத் தொல்லையே இல்லை, பெண் என்பதாலேயே சிறப்புப் பிரிவு.

"நாம தமிழ் பேசுறவங்க. மகாராஷ்டிராவுல நாம சிறுபான்மைதானே, அதுல போடலாமா?"

மொழியால் சிறுபான்மைதான், ஆனால் இந்தத் திட்டங்களில் சிறுபான்மை என்றால் மதம்: முஸ்லிம், கிறிஸ்தவர், சீக்கியர், பௌத்தர், பார்சி, ஜைனர். தமிழ் முஸ்லிம், தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பங்களுக்கு அந்த வழியில் உண்டு.

"அப்போ சம்சாரம் பேர்ல போட்டுட்டு நான் நடத்தினா என்ன?"

அவர் உண்மையிலேயே தொழில் செய்கிறார் என்றால் அவர் பெயரில்தான் போட வேண்டும். நம் வீடுகளில் மாவு ஆட்டுவதும், பைக்கு ஓரம் அடிப்பதும், பூக்கட்டுவதும் பெண்கள்தான், பெயர் மட்டும் ஆண்கள் பெயரில் இருக்கிறது. பெயரை மட்டும் கடன் வாங்குவதற்கு நான் நிரப்பித் தருவதில்லை. வங்கியில் கேள்வி அவரிடம்தான் கேட்பார்கள், பயிற்சிக்கும் அவர்தான் போக வேண்டும், கட்டாவிட்டால் அவருடைய சிபில்தான் கெடும். கணவன் பெயரில் ஒன்று, மனைவி பெயரில் ஒன்று என்று பி.எம்.இ.ஜி.பி.யில் முடியாது, குடும்பத்துக்கு ஒன்றுதான். விஸ்வகர்மாவிலும் அப்படியே.

"விஸ்வகர்மாவுல 15,000 ரூபாய் டூல்ஸ் தர்றாங்களாமே?"

தருகிறார்கள், ரொக்கமாக இல்லை, இ-வவுச்சராக. பயிற்சி நாளுக்கு 500 ரூபாய், பிறகு 5 சதவீத வட்டியில் முதலில் 1 லட்சம், அதை முடித்தால் 2 லட்சம் வரை கடன். 2023 செப்டம்பர் 17-இல் தொடங்கிய திட்டம். வீட்டில் அரசு வேலையில் யாராவது இருந்தால் கிடையாது. கடந்த 5 வருஷத்தில் பி.எம்.இ.ஜி.பி. வாங்கியிருந்தாலும் கிடையாது. முத்ராவோ ஸ்வநிதியோ வாங்கியிருந்தால் முழுதாகக் கட்டிய பிறகுதான். எதை முதலில் வாங்குவது என்று யோசித்துப் போடச் சொல்வது இதனால்தான்.

"தாராவியையே இடிச்சுக் கட்டப் போறாங்க. இந்த முகவரிக்குக் கடன் எப்படி?"

வங்கி பார்ப்பது இன்றைய முகவரி ஆதாரம்: மின் கட்டண பில், வாடகை ஒப்பந்தம், குமாஸ்தா ரசீது. ஆனால் மானியம் 3 வருஷம் பூட்டியிருக்கும், அதுவரை யூனிட் ஓட வேண்டும். இடம் மாற வேண்டிய நிலை வந்தால், மாறுவதற்கு முன்பே வங்கிக்கும் திட்ட அலுவலகத்துக்கும் எழுதிக் கொடுத்து நகல் வைத்துக்கொள்ளுங்கள். அதிகாரி பார்க்க வரும்போது கதவு பூட்டியிருந்தால், தொழில் நடக்கவில்லை என்றுதான் எழுதிவிட்டுப் போவார். எளிதில் தூக்கிக்கொண்டு போகக்கூடிய மெஷினாக வாங்குங்கள். கோலியில் காங்கிரீட் வேலைக்குக் கடன் பணத்தைப் போடாதீர்கள்.

"மும்பையில குறைச்சல்னா, ஊருக்கே போய்த் தொடங்கிரலாமா?"

அரசின் நோக்கமே அதுதான். தொழில் குறைவான இடத்துக்குத் தொழிலை இழுக்க அங்கே அதிகமாகத் தருகிறது. மகாராஷ்டிரா 1964 முதலே இப்படிச் செய்துவருகிறது. தாலுகாக்களை ஏ, பி, சி, டி, டி பிளஸ் என்று பிரித்திருக்கிறார்கள். மும்பையும் புனேயும் வளர்ந்த பகுதி என்று ஏ-யில் இருக்கின்றன. மராத்வாடா, விதர்பா பக்கம் போகப் போகச் சலுகை கூடும். மாநிலத்துக்கென்று முதலமைச்சர் வேலைவாய்ப்புத் திட்டம் ஒன்றும் 2019 முதல் இருக்கிறது. அதற்கு இங்கே 15 வருஷம் வாழ்ந்ததைக் காட்டும் டொமிசைல் சான்றிதழ் வேண்டும்.

திருநெல்வேலி கிராமத்தில் தொடங்கினால், மேலே சொன்ன 4 லட்சம் கணக்கில் அந்தப் பெண்ணுக்கு மானியம் 1,40,000 ஆகும். தமிழ்நாடு அரசின் திட்டங்களும் உண்டு. எஸ்.சி., எஸ்.டி. தொழில்முனைவோருக்கு அண்ணல் அம்பேத்கர் பிசினஸ் சாம்பியன்ஸ் திட்டத்தில் 35 சதவீத மானியமும் 6 சதவீத வட்டிச் சலுகையும் கிடைக்கும். வேலையில்லாத இளைஞர் திட்டத்தில் 25 சதவீதம், அதிகபட்சம் 3.75 லட்சம், ஆனால் தமிழ்நாட்டில் 3 வருஷம் வசித்திருக்க வேண்டும்.

40,000 கூடுதல் மானியத்துக்காக மட்டும் போகாதீர்கள். தோல் வாங்க, ஜிப் வாங்க, தைத்த பையை விற்க இங்கே நடந்து போகிற தூரத்தில் எல்லாம் இருக்கிறது. ஊரில் அதே சரக்கை விற்க யார் இருக்கிறார்கள் என்று முதலில் பார்த்துவிட்டு வாருங்கள். மாவு, மசாலா, தின்பண்டம் மாதிரி ஊரிலேயே விலைபோகும் பொருள் என்றால் தாராளமாகப் போகலாம்.

"புதுசா ரெண்டு பையன்களை வேலைக்கு வச்சா அதுக்கும் பணம் தர்றாங்களா?"

ஆம், பி.எஃப். பதிவு இருந்தால். 2025 ஆகஸ்ட் 1 முதல் 2027 ஜூலை 31 வரை சேர்பவர்களுக்கு ஒரு திட்டம் இருக்கிறது. முதல் தடவை பி.எஃப்.-இல் சேரும் தொழிலாளிக்கு ஒரு மாதச் சம்பளம், 15,000 வரை, இரண்டு தவணையாக. முதலாளிக்கு ஒவ்வொரு கூடுதல் ஆளுக்கும் மாதம் 3,000 வரை இரண்டு வருஷம், உற்பத்தித் தொழில் என்றால் நாலு வருஷம். 50 பேருக்குக் குறைவான இடம் என்றால் குறைந்தது 2 பேரைக் கூடுதலாகச் சேர்த்து, ஆறு மாதமாவது வைத்திருக்க வேண்டும். பி.எஃப். கட்டாயமாவது 20 பேரோ அதற்கு மேலோ இருந்தால்தான், ஆனால் விரும்பிச் சேரலாம். நம் பையன்களுக்கு பி.எஃப். எண் என்று ஒன்று கிடைப்பதற்காகவாவது இதைச் செய்யுங்கள் என்று பட்டறை வைத்திருக்கும் அண்ணாச்சிமாரிடம் கெஞ்சிக் கேட்கிறேன்.

"தொழில் படுத்துருச்சுன்னா?"

தவணை தவறுவதற்கு முன்பே வங்கிக்குப் போங்கள். பாதிப் பேர் பயந்து போனை அணைத்துவிடுகிறார்கள், அதனால்தான் நிலைமை மோசமாகிறது. தவணையைக் குறைத்து காலத்தை நீட்டித் தரச் சொல்லி எழுத்தில் கேட்கலாம். உங்கள் கையில் இல்லாத காரணத்தால் 3 வருஷத்துக்குள் பி.எம்.இ.ஜி.பி. கடன் நின்றுபோனால், பூட்டிவைத்த மானியத்தைக் கடனில் கழித்துக்கொள்ள விதியில் இடம் உண்டு. வெள்ளமோ தீ விபத்தோ என்றால் போட்டோ, புகார் நகல் எல்லாவற்றையும் எடுத்துவைத்திருந்தால்தான் அதைக் கேட்க முடியும். மெஷினை விற்றுவிட்டால் முடியாது.

"அடுத்த ஞாயிறு வர்றேன். என்னென்ன எடுத்துட்டு வரணும்?"

ஆதார், பான், ரேஷன் கார்டு, வங்கிப் பாஸ்புக் ஆறு மாத வரவோடு, மின் பில் அல்லது வாடகை ஒப்பந்தம், இரண்டு கடையிலிருந்து மெஷின் கொட்டேஷன், ஏற்கெனவே உள்ள கடன் விவரம். வியாபாரம் எழுதிய நோட்டு எந்த நிலையில் இருந்தாலும் எடுத்து வாருங்கள். விண்ணப்பிப்பது அம்மாவோ அக்காவோ என்றால் அவரையே கூட்டி வாருங்கள், கேள்வி அவரிடம்தான் கேட்பேன். காலை 9 மணிக்கு மேல் கடை திறந்திருக்கும்.